ஜீப்பில் சொன்ன பேச்சு

சிலமலையிலிருந்து கேரளா பக்கத்து ஏலக்காட்டுக்குப் போகும் ஜீப்பில் முத்துப்பேச்சி ஏறிவிட்டால் போதும், மலை ஏறுவதே தெரியாது. சீரியலில் எந்த மருமகள் அழுதாள், போனில் என்ன புரளி வந்தது, கேரளாக்காரன் எல்லையை அடைக்கப் போகிறானாமே, நாளைக்குச் சோலி இருக்குமா இருக்காதா, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பேச்சு உண்டு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஏலக்காய் பறித்தே மகள் சுஜாதாவைப் படிக்க வைத்தவள். பேசாமல் என்ன செய்வாள்?

ஊரில் அருள்மொழி என்றொரு பெண், போனிலேயே சேனல் நடத்துகிறாள். ஒருநாள் அவளும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு, "கல்யாண விசயத்துல காலம் மாறிருச்சாக்கா?" என்று போனை நீட்டினாள். முத்துப்பேச்சி விடுவாளா!

"மாறாம என்ன? எம்மக யாரைக் கை காட்டுறாளோ, அவனுக்கே கட்டி வைப்பேன். சாதியா வந்து நமக்குச் சோறு பொங்கிப் போடுது?"

ஜீப்பே கைதட்டிச் சிரித்தது. வீடியோ எங்கெங்கோ ஓடியது. போடி பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "நீங்கதானக்கா அது?" என்று நிறுத்திக் கேட்டார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மதுரையில் லேபில் வேலை பார்க்கும் சுஜாதாவும் அதைப் பார்த்தாள். "அம்மா, நெசமாத்தான் சொன்னியா?" என்று கேட்டுவிட்டு ஒரு பையன் பேரைச் சொன்னாள். கூட வேலை பார்க்கிறவன், வேறு சாதி. பொங்கலுக்குக் கூட்டி வருகிறாளாம். ஜீப்பில் முத்துப்பேச்சி மனசில் இருந்ததைத்தான் சொன்னாள், பொய்யில்லை. ஆனால் அப்படி ஒருத்தன் நிஜமாகவே இருப்பான் என்று யார் கண்டது!

சேதி எப்படியோ கொழுந்தன் முத்துப்பாண்டி காதுக்கும் போய்விட்டது. ஜீப் அவனுடையது, ஓட்டுவதும் அவன்தான். அவள் குடியிருக்கும் வீடும் அவன் பேரில்தான். மறுநாள் மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டினான். பின்பக்கம் வந்து போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"வெரசா சொல்லுங்க மதினி. அருள்மொழி சொல்லிக் கொடுத்துத்தான் அப்படிப் பேசினேன், எம்மகள நம்ம சனத்துலதான் கட்டுவேன்னு சொல்லுங்க. நம்ம பயலுக கொதிச்சுப் போய்க் கெடக்கானுக. அந்தப் பய இங்கிட்டுக் காலெடுத்து வச்சா நான் பொறுப்பில்ல, ஆமா."

அன்றைக்குக் கைதட்டினவர்கள் எல்லாம் மடியில் இருந்த தூக்குவாளியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். இறங்கி எங்கே போவாள் பாவி? சொன்னாள். அவன் சொல்லச் சொன்ன அத்தனையையும் சொன்னாள்.

மத்தியானத்துக்குள் அந்த வீடியோவும் மதுரைக்குப் போய்விட்டது. ஏலச்செடிகளுக்கு நடுவே அவள் காய் பறித்துக்கொண்டிருந்தபோது சுஜாதா கூப்பிட்டாள்.

"அப்ப நாங்க வரட்டாம்மா, வேணாமா?" அழுதுகொண்டேதான் கேட்டாள்.

முத்துப்பேச்சி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, செடி மறைவில் குத்தவைத்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"வராதடி. அவனையும் கூட்டிட்டு வராத, நீயும் வராத. அங்கயே கட்டிக்க. நல்லா இரு."

"நீ வருவேல்லம்மா கல்யாணத்துக்கு?"

"நான் வந்தா, எம் பின்னாடியே இவனுகளும் வருவானுகடி."