வெறுமையாகத் திரும்பாத டிஸ்க்

போன ஞாயிறு பின்னேரம், லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பிரளயம்!

என் கணவருக்குப் பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட் வேலை. மாலை வகுப்பில் எலக்ட்ரோனிக்ஸ் படிக்கிறார். ஓர் அம்பிளிஃபையர் சர்க்கியூட்டைக் கொம்பியூட்டரில் ஓட்டிப் பார்த்து, வந்த விடையை ஃபிளொப்பி டிஸ்க்கில் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சோதனை எழுத விடமாட்டார்கள். சோதனை இல்லையென்றால்... இன்னும் ஒரு வருடம் பெற்றோல்தான்.

எங்களிடம் இருப்பது ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துவிட்ட பழைய கொம்பியூட்டர். ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஆனால் மாணவர்களுக்கான சர்க்கியூட் புரோகிராமுக்கு அது போதும். ஒரே டிஸ்க்கில் அடங்கிவிடும். விடையையும் அதிலேயே எழுதும். “நண்பர்களுக்கும் கொப்பி எடுத்துக் கொடுங்கள்” என்று திரையிலேயே போட்டிருக்கிறது. சொன்ன பிறகு கொடுக்காமல் இருப்போமா? இவரோடு கூடப் படிக்கும், குட்மேய்ஸ் பக்கம் இருக்கும் தவம் அண்ணைக்குக் கொடுத்தோம். கொப்பி எடுத்துவிட்டு, சனிக்கிழமை திருப்பித் தந்தார்.

ஞாயிறு அதைப் போட்டால் — டிஸ்க் நிரம்பிவிட்டது, எழுத இடமில்லை என்கிறது கொம்பியூட்டர்!

“இஞ்சரும்... இதுக்குள்ள ராகுகாலம் எண்டு என்னவோ கிடக்கு!” என்று கூப்பிட்டார் இவர்.

எட்டிப் பார்த்தேன். லண்டன் நேரத்துக்கு ராகுகாலம், நல்ல நேரம் எல்லாம் சொல்லும் ஒரு புரோகிராம். தவம் அண்ணையின் மனைவி சாந்தி அக்காவின் வேலை. வேறு யார்? கறி கொடுத்தனுப்பிய பாத்திரத்தில் முறுக்குப் போட்டுத் திருப்பித் தருகிற கை அது. டிஸ்க்கை மட்டும் வெறுமையாகத் தருமா?

“அழிச்சுப்போட்டு வேலையைப் பாப்பம்” என்றார் இவர்.

“ஆசையாத் தந்த சாமானை அழிக்கிறதோ? அக்காவுக்கு மனம் நோகாதே?”

“அப்ப நான் பெயில் விடட்டோ?”

டெலிபோன் என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் எடுத்தேன்.

“அக்கா... நீங்கள் டிஸ்க்கில வைச்சது...”

“பிடிச்சிருக்கே, தங்கச்சி? வெறும் டிஸ்க்காத் தர மனம் வரேல்லை.”

“நல்லாயிருக்கு அக்கா. ஆனால்... இவரின்ர அம்பிளிஃபையருக்கு உள்ளுக்கு இடமில்லையாம்.”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

“அட கடவுளே! அழியுங்கோ, அழியுங்கோ. வேற டிஸ்க்கில போட்டுத் தாறன். ஆனால் ஒண்டு... இப்ப ராகுகாலம். ஆறு மணி கழிய அழியுங்கோ!”

என்ன செய்ய? அக்கா சொல்லிவிட்டாரே! ஆறு மணி வரை இவர் கொம்பியூட்டரை முறைத்தார். இடையிடையே என்னையும். பிறகு அழித்தோம். ஓட்டினோம். சர்க்கியூட் ஓடியது. திரையில் அலை அலையாகக் கோடு எழும்ப, மனிதர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்!

திங்கட்கிழமை டிஸ்க் போனது. சோதனைக்குப் பெயரும் பதிந்தாயிற்று.

அன்பாக எதையும் கொடுங்கள்... வாங்கியவர் தன் வேலையைச் செய்யக் கொஞ்சம் இடமும் விடுங்கள்!