கொக்கிக்குக் கீழே நின்ற மணியம்

ஹெலிகாப்டரில் தொங்கிய இரும்புச் சட்டம் மின்கம்பியில் மாட்டிக்கொண்டது. தப்பு எங்களுடையது. மின்கம்பம் ஏறிப் பிழைத்தவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைப்போம். நீங்களும் ஏறியவர்களென்றால் தலையாட்டுவீர்கள்.

சுதந்திரம் வாங்கிய புதிது. பாதையில்லாத குன்றின்மேல் வானொலிக் கோபுரம் கட்டினார்கள். சாமான்களைக் காஜா பெராங் ஊர்த் திடலிலிருந்து ராணுவ ஹெலிகாப்டர் தூக்கிப் போகும். திடலின் ஓரமாக எங்கள் மின்கம்பி.

நிறுத்தியாச்சு

எங்களை வேலை வாங்கும் மண்டோர் காலையிலேயே மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். விமானியிடம் போய், இனி பயமில்லை என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவனும் நம்பினான்.

சுமையைக் கொக்கியில் மாட்டுவது மணியத்தின் வேலை. தினக்கூலி ஆள். மாட்டிவிட்டு விலகினான். ஹெலிகாப்டர் கம்பிக்கு மேலே தப்பிவிட்டது. கீழே தொங்கிய சட்டம் தப்பவில்லை. கம்பி இழுபட்டது, கம்பம் சாய்ந்தது, ஹெலிகாப்டர் ஒரு பக்கம் தள்ளாடியது. விமானி சுமையைக் கழற்றிவிட்டான். மணியம் நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. மண்டோர் வாயைத் திறந்தார்.

"கரண்டுதான் இல்லையே, பின்ன எப்படிடா மாட்டும்?"

விமானி இறங்கி வந்தான்

வெள்ளைக்காரன். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. கம்பத்தைக் காட்டினான், தன் கண்ணைக் காட்டினான், தலையாட்டினான். பிறகு கம்பியைக் காட்டினான், கையை விரித்தான். கம்பம் தெரிகிறது, கம்பி தெரியவில்லை. அவ்வளவுதான். இருபது வருஷம் அந்தக் கம்பியைத் தொட்டவன் நான். மேலேயிருந்து அது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கம்பியையே இறக்கிவிடலாம் என்றேன். மேலிடத்து அனுமதிக்கு ஒரு வாரம் ஆகும் என்றார் மண்டோர். கீழே நின்று சிவப்புக் கொடி ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். விமானி மறுபடி ஹெலிகாப்டரைக் கிளப்ப, இறக்கைக் காற்றில் கொடி என் மூஞ்சியில் சுற்றிக்கொண்டது. மணியம் சிரிக்காமல் சொன்னான்:

"கொடியை விடுங்கண்ணே, முதல்ல உங்க மூச்சைப் பாருங்க."

மணியம் மாட்டேன் என்றான்

அடுத்த சுமை காத்திருந்தது. மணியம் நகரவில்லை. நீ நிற்காவிட்டால் வேறு ஆள் நிற்பான், நாளையிலிருந்து வராதே என்றார் மண்டோர். அவனுக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள். தினக்கூலிக்காரன் மறுபேச்சுப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பேசினான்.

"வரலைன்னா வேலைதான் போகும் மண்டோரே. வந்தா நானே போயிருவேன்."

மாடு மிரண்ட கதை

அந்த நேரத்தில் ஒரு பால்காரம்மா வந்தார். திடலுக்குப் பின்னால்தான் அவர் மாட்டுக் கொட்டகை. சத்தத்தில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டன. எங்களைத் திட்ட வந்தவர், நாங்கள் அண்ணாந்து நிற்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். இதற்கா இத்தனை பேர் நிற்கிறீர்கள் என்பது போல் பார்த்தார்.

"வேலிக் கம்பி தெரியாம மாடு முட்டுதுன்னு நாங்க வெள்ளைத் துணி கட்டிவிடுறோம். அவனுக்கும் மாட்டுக்கு இருக்கிற கண்ணுதானே?"

மண்டோர் முறைத்தார். நான் ஏறிவிட்டேன். அந்தம்மா தன் பழைய புடவையைக் கிழித்துக் கொடுக்க, கம்பியில் ஏணியைச் சாத்தி நகர்த்தி முழத்துக்கு ஒன்றாக, காற்றில் அவிழாதபடி இறுக்கிக் கட்டினேன். விமானி ஒருமுறை வெறும் ஹெலிகாப்டரை ஓட்டிப் பார்த்தான். அடுத்த தடவை நேராக மேலே எழும்பி, சுமையும் கம்பிக்கு வெகு உயரத்தில் வந்த பிறகுதான் முன்னே நகர்ந்தான். மணியம் தானாகவே கொக்கிக்குப் போனான். கடைசிச் சட்டம் வரை அவன்தான் மாட்டினான். சாயங்காலம் துணிகளை அவிழ்த்து, சாய்ந்த கம்பத்தை நிமிர்த்திவிட்டு மின்சாரம் கொடுத்தோம்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும், மண்டோரே?" என்றான் மணியம்.

கம்பம் ஏறியது நான், பறந்தது வெள்ளைக்காரன், மேலிடத்தில் பாராட்டு வாங்கியது மண்டோர், சரிசெய்தது பால்காரம்மா பாக்கியம்.