பட்டியலில் இல்லாதவரின் இருமல்

லோர்னா அவிலா பதினேழு வருடமாகக் கீல் செய்கிறாள். கதவுக் கீல் அல்ல. மடக்கிப் பையில் போட்டுக்கொள்கிற கருவிகளின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருக்கிறதே, அந்தக் கீல். லட்சம் தடவை திறந்து மூடினாலும் தளராது. சன்னிவேலிலிருந்து சான் ஹோசே போகும் ரயிலில் எதிர் இருக்கைக்காரரின் மடியில் அவளுடைய கீல் திறக்கும், மூடும். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். பொருள் கடைக்கு வந்து, விற்று, பழசாகிக் குப்பைக்குப் போன பிறகும் "இது நான் செய்தது" என்று சொல்ல அவளுக்கு உரிமையில்லை. அப்படித்தான் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

அவள் கணவன் நெல்சன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவன் வேலையில் மறைக்க ஒன்றுமில்லை. கை முழுக்கக் கிரீஸோடு வருவான். சாயங்காலம் அவள் வந்ததும் கேட்பான்: "இன்னிக்கு உலகத்தை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தின?"

"அரை."

"அரைதானா? அப்போ பாத்திரம் நீதான் கழுவணும்."

அதற்கு மேல் அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. இதில் அவளுக்குக் குறை இருந்ததாகச் சொல்ல முடியாது. கணினிக் கம்பெனிகள் நிறைந்த அந்தப் பள்ளத்தாக்கில் ரகசியம் என்பது ஒரு பதவி. தெரிந்தவள் என்பதைவிட, தெரிந்தும் சொல்லாதவள் என்பதில் ஒரு நிமிர்வு உண்டு. அந்த நிமிர்வோடுதான் அவளும் பதினேழு வருடம் நடந்தாள்.

கம்பெனிக்குள் இரண்டு பேர் சந்தித்தால், மற்றவர்கள் "சௌக்கியமா" என்று கேட்கிற இடத்தில் "பட்டியல்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பட்டியல். பெயர் அதில் இருந்தால் பேசலாம். இல்லாவிட்டால் மேசைமேல் கறுப்புத் துணியை இழுத்து மூடிவிட்டு வானிலையைப் பற்றிப் பேசலாம். ஒரே திட்டத்துக்கு ஒரு கட்டிடத்தில் 'நாரை' என்று பெயர், எதிர்க் கட்டிடத்தில் வேறு பறவை. ஒருமுறை இரண்டு கட்டிடத்துக்காரர்கள் எட்டு மாதம் ஒரே திருகாணியைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள். மதியம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவர்கள். அறிவைப் பூட்டி வைத்தால் அறிவு வளராது, பூட்டுத்தான் வளரும். ஆனால் அந்தக் கம்பெனி ஆண்டுக்கு ஆண்டு பெரிதானதால் பூட்டுக்குத்தான் பெருமை போய்ச் சேர்ந்தது.

'நாரை'யில் லோர்னாவின் கீலைக் கண்ணாடித் திரையோடு ஒட்டும் வேலை ரொஹேலியோ டும்லாவுடையது. ஐம்பத்தாறு வயது, பிலிப்பைன்ஸிலிருந்து வந்து முப்பது வருடமாக மில்பிடாஸில் இருப்பவர். தலைமுடியைவிட மெல்லிய கோடாகப் பசையை இழுக்க அவரைப்போல் இன்னொரு கை அந்தக் கட்டிடத்தில் இல்லை. பதினொரு வருடமாக அதே மேசை. ஆனால் அவர் கான்ட்ராக்ட். சம்பளச் சீட்டு ஃப்ரீமான்டில் உள்ள ஓர் ஆள் அனுப்பும் கம்பெனியிலிருந்து வரும். நிரந்தரக்காரர்கள் கழுத்தில் வெள்ளை அட்டை, அவர் கழுத்தில் பச்சை. பச்சை அட்டைக்குப் பட்டியலில் இடமில்லை. பொருளைத் தொடலாம், ஒட்டலாம், துடைக்கலாம். அது என்ன என்று தெரிந்துகொள்ளக் கூடாது.

அவர் இதையெல்லாம் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். "மேடம், உங்க கீலும் இந்தப் பசையும் புருஷன் பொண்டாட்டி மாதிரி" என்பார். "சேர்த்து வைக்கிறது நான். சண்டை வந்தா திட்டு வாங்குறதும் நான்."

பசைப் புட்டிகளில் கம்பெனி ஒட்டிய எண் மட்டும் இருக்கும். தயாரித்தவரின் சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். முதலில் அந்த மேசை காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் உள்ள அறையில் இருந்தது. அந்த அறைக்கு ஜன்னல் உண்டு. எதிர்க் கட்டிடத்திலிருந்து பார்க்க முடியும். அதனால் நவம்பரில் மேசையை ஜன்னலும் குழாயும் இல்லாத உள் அறைக்கு மாற்றினார்கள்.

ஜனவரியில் ரொஹேலியோ இருமத் தொடங்கினார்.

லோர்னா அதைக் கவனித்தது இரக்கத்தால் அல்ல, பழக்கத்தால். எது எப்போது தளர்கிறது என்று குறித்து வைப்பதுதான் அவள் தொழில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்குப் பேச முடியாமல் மூச்சு இழுக்கும். திங்கள் காலை சுத்தமாக இருக்கும். திங்கள் மதியம் மறுபடி ஆரம்பிக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் ஐந்து வாரம் குறித்தாள். ஐந்து வாரமும் அப்படியே. சளி என்றால் அதற்கு நாள்காட்டி தெரியாது.

சாப்பாட்டு இடைவேளையில், டப்பாவில் கொண்டுவந்த நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே அவர் சொன்னார். அவரைப் பார்க்கும் டாக்டர், நீங்கள் கையாளும் பசை எந்த வகை என்று கேட்டாராம். ஒரு வகை என்றால் தோலில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். இன்னொரு வகை என்றால் அதன் பக்கமே போகக் கூடாது. ஒருமுறை நுரையீரல் அதை எதிரியாகப் பதிந்துகொண்டால், அடுத்த தடவை துளி ஆவி போதும், மூச்சு நின்றுவிடலாம். இவர் என்ன சொல்வார்? புட்டியில் இருந்த எண்ணைச் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார்.

"நீங்க பட்டியல்ல இருக்கீங்களே மேடம்" என்றார் ரொஹேலியோ. கேள்வியாகக் கேட்கவில்லை. சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

லோர்னாவுக்குப் பெயர் தெரியும். திட்டத்தில் சேர்ந்த அன்று ஓர் அறையில் உட்கார வைத்து, எண்ணிட்ட ஒரு தாளைப் படிக்கக் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அக்ரிலேட் வகைப் பசை என்று அதில் இருந்தது. அந்த ஒரு சொல்லை வெளியே சொன்னால் வேலை போகும், வழக்கும் வரலாம்.

முதலில் முறைப்படிதான் போனாள். இத்தகைய விஷயத்தில் டாக்டர் கேட்டால் முதலாளி சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ரொஹேலியோவின் முதலாளி யார்? சம்பளச் சீட்டின்படி ஃப்ரீமான்ட். ஃப்ரீமான்டுக்குப் போன் செய்தால், அங்கே இருந்த பெண் மரியாதையாகச் சொன்னாள்: "எங்ககிட்ட பசையே கிடையாதுங்க, ஆளுங்க மட்டும்தான்." சட்டம் வாசல் வரை வந்து, எந்த வீடு என்று தெரியாமல் நின்றது. அப்படி நிற்கட்டும் என்றுதான் இரண்டு வாசல் வைத்திருக்கிறார்கள்.

பிறகு கம்பெனியின் ரகசியப் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டாள். படிவத்தில் மூன்று கட்டம். யாரிடம் சொல்ல வேண்டும், எதை, அதனால் நிறுவனத்துக்கு என்ன பயன். மூன்றாவது கட்டத்தில், 'அவர் அதைச் சுவாசிக்கிறார்' என்று எழுதினாள். மூன்று நாளில் பதில் வந்தது. வணிகத் தேவை நிரூபிக்கப்படவில்லை. பெறுநர் நிரந்தரப் பணியாளர் அல்லர்.

அவளுடைய மேலதிகாரி வெண்டல் க்ரெய்க், கெட்டவர் இல்லை. அந்தப் பதவியில் கெட்டவர்களுக்குத் தேவையும் இல்லை, பயந்தவர்கள் போதும். அவர் அவளைக் கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கக் கூப்பிட்டார். மழை விட்டு, வேலியோரம் காட்டுக் கடுகு மஞ்சளாகப் பூத்திருந்தது. விண்ணப்பம் தன் கண்ணுக்கும் வந்தது என்றார். அவசரப்படாதே என்றார்.

"டாக்டர்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கியா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"சொல்லாதே, லோர்னா. வேலைக்காகச் சொல்லலை." அவர் கடுகுப் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உன் தாள்ல இருக்கிற பேரும் என் தாள்ல இருக்கிற பேரும் ஒண்ணுதான்னு உனக்கு யார் சொன்னது?"

சொல்லிவிட்டு வேகமாகக் கட்டிடத்துக்குள் போய்விட்டார்.

லோர்னாவுக்கு அந்த வித்தை தெரியாததல்ல. சேதி கசிந்தால் யார் வாயிலிருந்து என்று கண்டுபிடிக்க, ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் தாளில் சின்னச் சின்ன மாற்றம் வைப்பார்கள். ஒருவருக்கு வெளியீட்டுத் தேதி ஒன்பது, இன்னொருவருக்குப் பதினொன்று. பத்திரிகையில் பதினொன்று என்று வந்தால் ஆள் அகப்பட்டுக்கொள்வார். தேதியை மாற்றுவார்கள், நிறத்தை மாற்றுவார்கள். ஒரு மனிதர் மூச்சில் இழுக்கும் பொருளின் பெயரையும் மாற்றுவார்கள் என்று அவள் நினைத்ததில்லை.

அவள் காரிலேயே உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். அக்ரிலேட் என்று டாக்டரிடம் சொல்லியிருந்தால், கையுறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போங்கள் என்று அவர் அனுப்பியிருப்பார். ரொஹேலியோ நிம்மதியாக அந்த உள் அறைக்குத் திரும்பியிருப்பார். அதே சொல்லை வைத்து, சொன்னது இவள்தான் என்று கம்பெனியும் பிடித்திருக்கும். ஒரே பொய், அங்கே ஒருவரைக் கொல்லும், இங்கே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும். பதினேழு வருடம் தனக்குத் தெரியும் என்று நிமிர்ந்து நடந்தவளுக்கு, தெரிந்தது எது, தெரியவைத்தது எது என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை.

தாள் பொய் சொல்லலாம். பொருள் சொல்லாது.

மறுநாள் புதன்கிழமை, காலை பத்து மணிக்கு, ரொஹேலியோவின் மேசைப் புட்டியிலிருந்து ஒரு துளி எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனாள். பாகங்களில் ஒட்டிய அழுக்கு என்னவென்று பார்க்க அங்கே ஓர் அகச்சிவப்புக் கருவி உண்டு. துளியின் வழியே ஒளியைச் செலுத்தினால், எந்தெந்த அலையை அது விழுங்குகிறது என்று கோடாக வரைந்து காட்டும். யாரும் அவளை ஏன் என்று கேட்கவில்லை. மற்றவர் வேலையைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது கம்பெனி விதி. விதி அன்று ஒருவருக்கு உதவியது.

இரண்டு நிமிடத்தில் திரையில் கோடு வந்தது. 2270 என்ற இடத்தில் ஒற்றையாக, உயரமாக ஒரு முள். கல்லூரி இரண்டாம் ஆண்டுப் புத்தகத்திலேயே இருக்கும் முள் அது. அக்ரிலேட்டுக்கு அங்கே முள் கிடையாது. ஐசோசயனேட். அதன் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன வகை. அவள் கருவியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் புதிய துளி வைத்து மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறையும் பார்த்தாள். முள் அசையவில்லை. அது எந்தக் கம்பெனிக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில்லை.

மூன்று கோடுகளையும் அச்செடுத்து, கீழே தேதி, கருவியின் எண், தன் முழுப் பெயர் எல்லாம் எழுதினாள். மதியம் ரொஹேலியோவின் கார் பக்கம் போய்க் கொடுத்தாள்.

அவர் கோட்டைப் பார்க்கவில்லை, பெயரைத்தான் பார்த்தார். "மேடம், இந்த ஓரத்தைக் கிழிச்சிடலாம். டாக்டருக்கு உங்க பேர் எதுக்கு?"

"பேர் இல்லாத அளவு வதந்தி. வதந்திக்கு டாக்டர் மருந்து எழுதுவாரா?"

"நான் அந்த அறைக்குப் போகக் கூடாதுன்னு எழுதுவார்."

"ஆமா."

"அந்த அறை இல்லாம ஃப்ரீமான்ட்காரன் எனக்கு வேற வேலை தருவான்னு நினைக்கிறீங்களா?" அவர் சிரிக்க முயன்று இருமினார். இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பதினோரு வருஷமா அது என்னன்னு தெரியாமலே ஒட்டினேன். தெரியாத வரைக்கும் வேலை இருந்துச்சு."

லோர்னா ஐந்து வாரம் குறித்து வைத்திருந்த சீட்டைக் காட்டினாள். முதல் வாரம் திங்களன்று இருமல் மதியம் மூன்று மணிக்கு வந்தது. ஐந்தாவது வாரம் பதினொன்றே முக்காலுக்கே வந்துவிட்டது. ரொஹேலியோ வெகுநேரம் அந்த மணிகளைப் பார்த்தார். கோடும் கணக்கும் தெரிந்தவர். பசை இழுப்பதும் கணக்குத்தான். இரண்டு காகிதத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஓரத்தைக் கிழிக்கவில்லை.

டாக்டர் மூச்சுப் பரிசோதனை செய்தார், அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று எழுதினார், வேலையால் வந்த நோய் என்பதால் மாநில அரசுக்கும் எழுதினார். மூன்றாவது வாரம் அரசு ஆய்வாளர் ஒருவர் வந்து வாசலில் நின்றார். பட்டியலில் இருக்கிறீர்களா என்று அவரிடம் கேட்க முடியவில்லை. பசை மேசை காற்றுக் குழாய் உள்ள அறைக்குத் திரும்பியது. புட்டிகளில் பெருவிரல் அளவு எழுத்தில் பெயர் ஏறியது. ஃப்ரீமான்ட் கம்பெனி, ரொஹேலியோ எதிர்பார்த்தபடியே, அவருக்கு வேலை இல்லை என்றது. நோய்க்கான இழப்பீட்டுக்கு அவர் மனுப் போட்டார். ஒரு திங்கட்கிழமை மாலை அவர் லோர்னாவுக்குப் போன் செய்தார். இன்று முழுக்க இருமல் இல்லை, சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள் என்றார்.

மறுநாள் அவளை ரகசியப் பிரிவில் கூப்பிட்டார்கள். விசாரித்தவர் பெயர் லிண்ட்கிரென். கழுத்துப்பட்டை இறுக்கிய, நிதானமான மனிதர். அவர் முன்னால் ஓர் அட்டவணை: யார் தாளில் என்ன பெயர்.

"நாலு பேர் தாள்லதான் உண்மையான பேர் இருக்கு. உங்க தாள்ல இல்லை" என்றார். "அந்த நாலு பேர்ல யார் உங்ககிட்ட சொன்னது?"

வெண்டல் அந்த நால்வரில் ஒருவர் என்பதை லிண்ட்கிரென் கேட்ட விதத்திலிருந்தே அவள் புரிந்துகொண்டாள்.

"யாரும் சொல்லலை. அளந்து பார்த்தேன்."

"எதை வச்சு?"

"மூணாவது மாடியில இருக்கே, அந்தக் கருவி. நீங்க வாங்கினதுதான்."

லிண்ட்கிரென் கணினித் திரையைப் பார்த்தார். படிவத்தில் 'தகவல் அளித்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. ஒருவர் தானாகவே ஒன்றைத் தெரிந்துகொள்ள முடியும் என்று அந்தப் படிவத்தைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. அவர் இரண்டு தடவை விசையை அழுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் 'லோர்னா அவிலா' என்று அடித்தார். பக்கம் திறந்தது.

பாதுகாப்புக் குறையைச் சொன்னதற்காக ஒருவரை நீக்கினால் சட்டம் கேள்வி கேட்கும். அதனால் அவளுக்குக் கொடுத்த பணிநீக்கக் கடிதத்தில் பசையும் இல்லை, ரொஹேலியோவும் இல்லை. நிறுவனத்தின் கருவியை நிறுவனத்தின் தேவை அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்தியதாக இருந்தது. அந்தக் கடிதத்தை வைத்து வழக்குப் போடலாம் என்று அன்று மாலை நெல்சன் சொல்லப்போகிறான், போடவும் போகிறார்கள். ஆனால் அது பிறகு.

காவலர் ஒருவர் கூட வர, தன் மேசையிலிருந்த பொருள்களை எடுக்க அவள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள். எடுக்க அதிகம் இல்லை. ஒரு குவளை, ஒரு ஸ்வெட்டர், நெல்சனின் படம். அவள் மேசைக்கு அடுத்த மேசையில் ஹெய்டி. ஆறு வருடமாக லோர்னாவோடு கீல் வரைகிறவள். ஹெய்டியின் முன்னால் 'நாரை'யின் கீல் திறந்தபடி இருந்தது. லோர்னா நான்கு வருடம் வரைந்து, உடைத்து, மறுபடி வரைந்த கீல்.

ஹெய்டி எழுந்து நின்றாள். பிறகு கறுப்புத் துணியை எடுத்து அதன்மேல் இழுத்தாள்.

"மன்னிச்சுக்கோங்க லோர்னா. இப்போ நீங்க பட்டியல்ல இல்லை."

லோர்னா குவளையை ஸ்வெட்டரில் சுற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"இடது ஓரம் தெரியுது. சரியா மூடு" என்றாள்.