கச்சேரி ஹாலில் கேட்ட அக்காவின் குரல்

அன்று அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். நான், சுவரில் துளை போடும் மஸ்தான் பாய், வீட்டுக்கார அம்மா. வேறு யாரும் இல்லை. கோட்டூர்புரத்தில் ஆற்றைப் பார்த்த நாலாவது மாடி, புதிதாக வெள்ளையடித்து ஒரு நாற்காலிகூட வைக்காத வீடு. ஜன்னல்களுக்குத் துணி மாட்டுவது என் வேலை. இங்கே அதை ஸ்கிரீன் என்பார்கள். தி. நகரில் ஒரு கடைக்காக இருபது வருடத்துக்கு மேலாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். நான் ஏணியை விரிக்கும்போது அந்த அம்மா, "உங்க பேச்சு வேற மாதிரி இருக்கே, எந்த ஊர்?" என்று கேட்டார். மன்னார் என்றேன். "மன்னார்குடியா? எங்காத்துக்காரருக்கும் அந்தப் பக்கம்தான்" என்று சந்தோஷப்பட்டார். நான் திருத்தவில்லை. திருத்தினால் இலங்கையைச் சொல்ல வேண்டும், கடலைச் சொல்ல வேண்டும், படகைச் சொல்ல வேண்டும், அகதி என்ற போலீஸ் பதிவைச் சொல்ல வேண்டும். அதற்குள் அவர் கடைக்குப் போன் போட்டு வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிடுவாரோ என்று பயம். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். இங்கே என்னைப் போல இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

என் கழுத்தில் மகள் ஜெனிட்டாவின் ஹெட்போன் கிடந்தது. அவள் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலை பார்க்கிறாள். டிரில் சத்தத்தில் என் காது போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லி, "போட்டுக்கோப்பா, செவிடாயிடப் போற" என்று முதல் நாள் மாலை அவளே மாட்டிவிட்டாள். அதற்கென்று போனில் ஒரு பக்கம் இருக்கிறது. சின்ன அறை, ஸ்டூடியோ, சர்ச், கச்சேரி ஹால், ஸ்டேடியம் என்று பெயர்கள். ஒன்றைத் தொட்டால் அதே பாட்டு அந்த இடத்தில் பாடுவது போலக் கேட்கும். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். நான் எட்டாவதோடு நின்றவன். இதெல்லாம் மூளைக்குக் கெடுதல் செய்யாதா என்று இரண்டு தடவை கேட்டேன். பாட்டுக்காகச் செய்த வித்தை என்று மட்டும் மனதில் பதிந்தது.

மஸ்தான் பாய் டிரில்லைத் தொடங்கியதும் மாட்டிக்கொண்டேன். சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது போல அடங்கியது. அந்த நேரம் பார்த்து மன்னாரிலிருந்து அக்காவின் குரல்பதிவு வந்தது. "தம்பி, சுகமா இருக்கிறியோ? முன்னறையில இருந்துதான் கதைக்கிறன். பிரச்சினை ஒண்டும் இல்லை." வார்த்தைகளில் ஒன்றுமில்லை. குரல்தான் சரியில்லை. பெரிய வெறும் கூடத்தின் நடுவில் நின்று பேசுவது போல, ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

எனக்குப் படிப்பு தெரியாது, அறை தெரியும். துணியில்லாத, சாமான் இல்லாத அறையில் பேச்சு அலையும். துணி ஏறியதும் பேச்சு உட்கார்ந்துவிடும். அதோடு, அக்காவின் மன்னார் வீட்டை நான் காதால் மட்டுமே அறிந்தவன். பதினாறு வயதில் மாமாவோடு படகேறியவன் பிறகு போகவில்லை. போனால் திரும்பி வர விடுவார்களா என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. நாங்கள் வந்தபின் வீடு இடிந்தது. சண்டை முடிந்து அம்மாவும் அக்காவும் அதே காணியில் புதிதாகக் கட்டினார்கள். அதற்குள் நான் ஒரு நாளும் நின்றதில்லை. ஆனால் ஞாயிறு பூசை முடிந்து அக்கா பேசும்போது எந்த இடத்தில் நிற்கிறாள் என்று சொல்லிவிடுவேன். சமைக்கும் குசினி என்றால் தகரம் கலந்த சத்தம். கிணற்றடி என்றால் காற்று. முன்னறை என்றால் அம்மாவின் கட்டில், மெத்தை, உடுப்பு அலுமாரி எல்லாம் குரலைக் குடித்துவிட்டு, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மிச்சத்தைத் தரும். அம்மா போனபின் வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. அக்கா தனியாக இருக்கிறாள்.

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். மூன்று தடவையும் முன்னறை காலியாகவே இருந்தது. கட்டிலும் அலுமாரியும் போய்விட்டன, என் கையெழுத்து இல்லாமலே வீட்டை விற்றுவிட்டாள் என்று முடிவுகட்டினேன். டிரில்லை நிறுத்திய மஸ்தான் பாய் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, மூஞ்சி தொங்கிப் போய்கீது?" சொன்னேன். "போன் போட்டுக் கேட்டுடு. உள்ளாற வச்சிக்கினு இருந்தா சோறு எறங்காது" என்றார்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பால்கனியில் நின்று போனைக் காதில் வைத்து நேராகவே கேட்டேன். "வீட்டை வித்துப்போட்டியளோ?"

அக்கா, "ஆர் உனக்குச் சொன்னது?" என்றாள்.

அந்தக் கேள்வி போதுமாக இருந்தது எனக்கு. அம்மாவின் கட்டிலையும் விட்டுவைக்கவில்லையா, வெறும் வீட்டுக்குள் நின்றுகொண்டு என்னிடம் பொய் சொல்கிறாயா, எல்லாம் உனக்கே என்று நினைத்தாயா என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். நான் பேசி முடிக்கும் முன்பே அக்கா வைத்துவிட்டாள்.

மாலை ஆதம்பாக்கத்து வீட்டுக்கு வந்து ஜெனிட்டாவிடம் அந்தப் பதிவைக் கேட்கக் கொடுத்தேன். ஹெட்போனை மாட்டியவள் உடனே போனைப் பார்த்தாள். "அப்பா, இது கச்சேரி ஹால்ல கெடக்குது. நேத்து நான்தான் மாத்தாம வுட்டுட்டேன்." அது பாட்டுக்குத்தானே என்றேன். "எது ஓடினாலும் அப்டித்தாம்பா கேக்கும்." அணைத்துவிட்டு என் காதில் வைத்தாள். அக்கா முன்னறையில் இருந்தாள். குரல் போர்வைக்குள்ளிருந்து வந்தது. பின்னால் அலுமாரிக் கதவு ஒருமுறை கிறீச்சிட்டதும் கேட்டது. எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன.

அக்கா நான்கு நாள் போனை எடுக்கவில்லை. ஞாயிறு எடுத்தாள். ஹெட்போனில் நடந்ததை முழுவதும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வீட்டைக் கேட்டு இரண்டு தடவை ஆட்கள் வந்ததையும், தம்பி ஒருநாள் வருவான் என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னாள். எனக்குத் தெரிந்தால் யோசித்து யோசித்து நித்திரை கெடுவேன் என்றுதான் மறைத்தாளாம். வீட்டைக் கேட்டு வந்த தரகர் எனக்குப் போன் போட்டுவிட்டாரோ என்ற பயத்தில்தான் ஆர் சொன்னது என்று கேட்டிருக்கிறாள்.

"காதில போடுற சாமான் சொன்னதை நம்பினாய். நான் முன்னறையில இருக்கிறன் எண்டு சொன்னதை நம்பேல்லை" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சந்தை விலை சொல்வது போலச் சொன்னாள். பிறகு, தனக்கு முழங்கால் ஏலவில்லை, மழைக்காலத்தில் தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது, எனக்காகத்தான் வீட்டுச் சாவியை இடுப்பில் வைத்திருந்தது, இனி முடியாது என்றாள். கன்னியர் மடத்துச் சிஸ்டர்மார் முதியோர் இல்லத்தில் இடம் தருகிறார்களாம், வீட்டை விற்றுவிட்டு அங்கே போகப்போகிறாளாம். விற்க வேண்டாம் என்று கெஞ்சினேன். "அப்ப நீ வந்து இரு" என்றாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை என் பங்கை விற்க அக்காவுக்கு அதிகாரம் கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போட எங்கள் நாட்டுத் துணைத் தூதரகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு படிவத்தைத் தள்ளினாள். தற்காலிக முகவரி என்ற இடத்தில் ஆதம்பாக்கம் வாடகை வீட்டை எழுதினேன். அங்கேதான் கல்யாணம் முடித்தேன், அங்கேதான் மகள் பிறந்தாள், அதுதான் தற்காலிகம். அடுத்த வரி நிரந்தர முகவரி. பேனா நின்றுவிட்டது. விற்கப் போகிற வீட்டை எழுதலாமா, எழுதினால் பிழையாகி எல்லாம் நின்றுபோகுமா என்று கேட்டேன். "பதிவு முடியும்வரைக்கும் அதுதான் ஐயா, எழுதுங்கோ" என்றாள். முடிந்த பிறகு எதை எழுதுவது என்று கேட்டேன். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். நின்றபடியே குனிந்து, நான் கால் வைக்காத அந்த வீட்டின் இலக்கத்தையும் தெருவையும் ஊரையும் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன்.