கேயா கொடுத்த அரிவாள்

இணையத்தில் வாரம் ஒரு அத்தியாயமாக நான் எழுதிவந்த மாயக்கதையில், கிரேக்கர்களின் பூமித்தாய் கேயா நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கடியில் படுத்திருக்கிறாள். புருஷன் ஆகாயம். பிள்ளைகளை வெளிச்சத்துக்கே விடாமல் அவளை அழுத்திக் கிடப்பவன். பழைய கதைப்படி கேயா ஓர் அரிவாள் செய்து மகனிடம் கொடுப்பாள். அவன் அப்பனை வெட்டுவான்.

அந்த இடத்தை எழுத நான் எங்கும் தேடவில்லை. சிறுமியாக இருந்தபோது ஒரு சாயங்காலம், குடித்துவிட்டு வந்த அப்பா அம்மாவின் தலையைச் சுவரில் மோதினார். அம்மா எழுந்து, அடுக்களையிலிருந்த அரிவாளை எடுத்து அண்ணன் கையில் திணித்தாள். அடுத்து நடந்ததைப் பார்ப்பதற்குள் பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்பா அதன்பிறகும் பல வருடம் உயிரோடு இருந்தார். வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை.

மகன் அப்பனை வெட்டும் அத்தியாயம் வெளியான மறுநாள் அம்மா ஆய்க்குடியிலிருந்து தென்காசிக்கு என் வீட்டுக்கு வந்தாள். கதையைப் போனில் படித்ததாக மட்டும் சொன்னாள். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம், குளித்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டாள். பஸ்ஸில் மடியிலிருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டே வந்தாள். அருவியில் பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். மூச்சுமுட்டிவிடுமோ என்று கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாள்.

ஈரத்தலையோடு ஒரு கடையோரம் ஒதுங்கியதும், அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன்.

"நான் குடுத்தது நெசந்தான். அப்பன வெட்டுலேன்னு சொல்லித்தான் குடுத்தேன்" என்றாள்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வாங்கிட்டு ஓடிட்டான். எங்கனயோ குளத்துல எறிஞ்சிட்டு, இருட்டுனப்புறம் வந்து சோறு போடுன்னான்." முந்தானையால் தலையைத் துவட்டினாள். "என்னைய எப்படி வேணாலும் எழுதிக்கோ. ஒங் கதையில அவன் எதுக்குட்டி வெட்டுதான்?"

கிரேக்கத்தில் கதையே அப்படித்தான் என்றேன்.

"அந்தக் கதைய இங்கன கொண்டுவந்தது நீதானட்டி."

அந்த வாரமே மாற்றி எழுதினேன். மகன் அரிவாளோடு ஓடினான். புராணத்தையே கெடுத்துவிட்டதாக வாசகர்கள் திட்டினார்கள். கதையும் நகராமல் மாதக்கணக்கில் படுத்தியது.

அண்ணன் இப்போது சிவகிரியில் போலீஸ் வேலையில் இருக்கிறான். கதை எதுவும் படிக்கிறவன் இல்லை. எந்தக் குளம் என்று கேட்க நினைத்துப் போன் போடுவேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.