மிஷினுக்கு வைத்த பொட்டு

மருமகள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஆயுத பூஜைப் பொரியில் மிஷின் எண்ணெய் வாசனை அடித்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அம்மா வேலை செய்த கொட்டகையிலும் இதே வாசனைதான்; வரிசையாய் முக்காலி போட்டு, பொம்பளைங்க ஊர்க்கதை பேசிக்கினே கோணல் ஸ்குரூவைப் பொறுக்கிப் போடுற சத்தம் மழை மாதிரி கேட்கும், நான் அம்மா காலடியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு வருஷம் ஆயுத பூஜையன்னைக்கு ஸ்குரூ பொறுக்குற மிஷின் வந்தது. அம்மாதான் பொட்டு வைத்தாள்.

"புது மாப்பிள்ளைக்கு நல்லா வெய்யி, யக்கா!" என்று எல்லோரும் சிரித்தாங்க.

பொங்கலுக்குள் முக்காலி ஒன்றுகூட இல்லை.

பொரியைக் கீழே வைத்தேன்.

"உங்க கம்பெனில புதுசா எதுனா வந்துகீதா?"

"ஆமா அத்தே, எங்களாட்டம் சாமான் செக் பண்ற கேமரா மிஷின். என்னியதான் பொட்டு வெக்கச் சொன்னாங்கோ."

அவள் விரலில் குங்குமம் சிவப்பாய் இருந்தது. கையைக் கழுவிக்கினு வா என்றேன்.