யன்னலில் செருகிய மிதப்பு

எங்கள் முன்கூடத்து யன்னல்களில் ஒன்று முழுதாக மூடாது. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே, வலையில் கட்டுகிற மிதப்பு ஒன்று செருகியிருக்கிறது. தலைமன்னாரில் மார்கழிக் காற்று எழும்பினால் அந்த இடுக்கு ஊளையிடும். வருகிறவர்கள் எனக்கு விசர் என்று நினைத்து அதைப் பிடுங்கப் போவார்கள். நான் விடுவதில்லை. அது மச்சாள், என் அண்ணனின் மனைவி, தன் கையால் செருகியது.

அண்ணன் கனடாவில் ஒரு பனிப்புயலில் இறந்துபோனார். மின்சாரம் நின்றுபோன வீட்டில் தனியாக இருந்தாராம். மச்சாள் வேலைக்குப் போன இடத்தில் பனிக்குள் அகப்பட்டிருந்தார். மகள் வேறு நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "குளிர்தான் அம்மா," என்று மச்சாள் தொலைபேசியில் சொன்னதை நாங்கள் அப்படியே நம்பினோம். அன்றிலிருந்து அம்மாவுக்குக் குளிர் என்றாலே பகை. மறு வருஷம் மச்சாள் ஊரோடு வந்து எங்களுடன் இருந்தபோது, மழை தூறினாலே அம்மா அவருடைய தலையில் துவாயைப் போட்டுவிடுவார்.

நாங்கள் வளர்ந்தது தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீட்டில். மாரியில் அம்மா சட்டியில் தணல் போட்டு நடுவீட்டில் வைப்பார். அண்ணனும் நானும் கிட்ட இடம் பிடிக்க அடிபட்டுக் குளிர்காய்வோம். புகை கிடுகுக்குள்ளால் தானே வழி பார்த்துப் போய்விடும். பிறகு அண்ணன் அனுப்பிய காசில் இந்தக் கல்வீடு எழும்பியது. மூடினால் எறும்பும் நுழையாத கண்ணாடி யன்னல்கள். எங்களுக்கு அதில் பெரிய பெருமை.

மச்சாள் எங்களோடு இருந்த அந்த மாரியில் தாழமுக்கம் புயலாக அடித்த அன்று, தகரக் கூரை வீட்டுக்காரர் எல்லோரும் எங்கள் கூடத்துக்குத்தான் வந்தார்கள். பின்னேரமே இருட்டிவிட்டது. எங்கேயோ கழன்ற தகரங்கள் தெருவால் உருண்டன. கடல் எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மச்சாள் பின்வீட்டுக் கிழவரைக் கூட்டிவரப் போயிருந்தார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை நனைந்து நடுங்கியது. அம்மா தணல் சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். கதவையும் யன்னல்களையும் இறுக்கிப் பூட்டிவிட்டுச் செபமாலை சொன்னோம். எனக்குத் தலை இடித்தது, பயத்தால் என்று நினைத்தேன். குழந்தை அழுகையை நிறுத்தியது. "சூடு கண்டதும் நித்திரையாப் போச்சு," என்று அம்மா சந்தோஷப்பட்டார்.

அப்போதுதான் மச்சாள் கிழவரோடு உள்ளே வந்தார். சட்டியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். மறுகணம் யன்னல்களை ஒவ்வொன்றாக அடித்துத் திறந்தார். மழை கூடத்துக்குள் கொட்டியது, விளக்கு அணைந்தது. "உனக்கென்ன பேயோ பிடிச்சிருக்கு? பிள்ளை குளிரில செத்துப்போகும்!" என்று அம்மா கத்தினார். மச்சாள் சட்டியை வெறுங்கையால் தூக்கி வெளியே எறிந்துவிட்டுத் திரும்பினார்.

"அவரும் இப்பிடித்தான் அம்மா நித்திரையாக் கிடந்தவர். இடுக்கெல்லாம் ஒட்டிப்போட்டு, முத்தத்து அடுப்பில தணல் போட்டு உள்ளுக்கு வைச்சவர். குளிரில்லை அம்மா, பூட்டின வீட்டில தணலின்ர நஞ்சுக்காத்துதான் ஆளை எடுத்தது. நான் வரேக்க வீடு நல்ல சூடாக் கிடந்தது."

அம்மா தரையில் குந்திவிட்டார். அண்ணன் அந்தப் பழக்கத்தை எங்கே கற்றார் என்று அவருக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. அதற்காகத்தான் மச்சாள் இத்தனை காலமும் வாயைக் கட்டியிருந்தார். குழந்தையைத் தாய் வாசலில் வைத்து உலுக்கினாள். முகத்தில் மழை அடித்தும் அது கண் திறக்கவில்லை. பிறகு வீரிட்டு அழுதது. அந்த அழுகையைப்போல் இனிமையான சத்தத்தை நான் கேட்டதேயில்லை. காற்று ஓய்ந்ததும் மச்சாள் கையில் கட்டோடு இந்த மிதப்பைத் தேடி எடுத்துச் செருகினார்.

இப்போது அவர் பேரப்பிள்ளை பார்க்க மறுபடியும் கனடாவில். இன்று இங்கே காற்று எழும்பிவிட்டது. கடலுக்குப் போகவேண்டாம் என்று வானொலி சொல்கிறது. அங்கே பனிப்புயலாம். காலையில் மச்சாளின் குரல் தொலைபேசியில் வந்து கிடந்தது: "கரண்ட் நிண்டுபோச்சு. மருமகன் வெளியில கிடக்கிற அடுப்பை உள்ளுக்குக் கொண்டுவாறன் எண்டு நிக்கிறார். சொன்னாலும் கேக்கிறாரில்லை. நான் வாசலுக்குக் குறுக்க கதிரையைப் போட்டுக் குந்தி இருக்கிறன்."

அதன்பிறகு எத்தனை தரம் அழைத்தும் இணைப்பு இல்லை. யன்னலடியில் நிற்கிறேன். இடுக்கு ஊளையிடுகிறது. மிதப்பை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு மறுபடியும் அழைக்கிறேன். மச்சாளுக்கு நித்திரை வரக்கூடாது, மாதாவே.